முப்பத்தொன்றாவது வரி

வாசல் காவலாளியிலிருந்து பெரிய டாக்டர் வரைக்கும் ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவள் கம்பைலக்கா. பெரிய டாக்டர் அவளைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர், அவருக்கும் அக்காதான். யாரோ கேலிக்கு வைத்த பெயர் அது. அவள் அதைப் பட்டமாக எடுத்து மாட்டிக்கொண்டுவிட்டாள்.

தரைக்குக் கீழே, சலவை அறைக்கும் உடைந்த கட்டில்களைப் போட்டு வைக்கும் கிடங்குக்கும் நடுவில் அவளுடைய கம்ப்யூட்டர் அறை. சலவை மெஷின் சுற்றும்போது மேஜையில் இருக்கும் தண்ணீர் டம்ளர் நடுங்கும். இருபத்தாறு வருடம் அந்த நடுக்கத்தில் உட்கார்ந்து அவள் செய்த வேலையைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: யார் எதைக் கொடுத்தாலும் நம்பமாட்டாள். மற்றவர்களுக்கு ஒரு புரோகிராம் வேண்டுமென்றால், தயாராகக் கட்டி வைத்திருப்பதை இன்டர்நெட்டிலிருந்து இறக்கி, இரண்டு தட்டுத் தட்டிவிட்டு அக்கடா என்று டீ குடிக்கப் போய்விடுவார்கள். இவள் அதை எழுதினவர்கள் எழுதிய மூல வரிகளை, அதுதான் சோர்ஸ் கோடு, கொண்டுவந்து தன் மெஷினிலேயே அடியிலிருந்து கட்டியெடுப்பாள். கம்பைல் செய்வது என்று அதற்குத்தான் பெயர். மணிக்கணக்காகும். ஆகட்டும் என்பாள்.

"எவனோ கட்டின பொட்டலம். உள்ள என்ன இருக்குன்னு பாக்காம வாங்கி வாய்ல போட்டுக்குவீங்களா?"

"வெளியில டீ வாங்கிக் குடிக்கிறீங்களே, அந்தப் பாலை நீங்களாக்கா கறந்தீங்க?" என்று மேலாளர் ஒருநாள் மடக்கினார். அன்றோடு வெளியில் டீ குடிப்பதை நிறுத்திவிட்டாள். அவ்வளவு வீம்பு.

அவளுடைய வீட்டுக்காரர் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவர். முப்பது வருடம் ஊரார் பிழையைத் திருத்தித் திருத்திக் கண்ணாடி சோடா பாட்டில் அடி மாதிரி தடித்துப்போனது. கம்ப்யூட்டரைப் பற்றி அவருக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆனாலும் அவள் வேலையில் அவருக்கு இரண்டு பங்கு உண்டு.

முதல் பங்கு வாசிப்பது. மூல வரிகளோடு கூடவே அறுபத்துநாலு எழுத்தில் ஓர் அடையாளம் வரும். இறக்கியது புள்ளி பிசகாமல் வந்ததா, வழியில் யாராவது கை வைத்தார்களா என்று அதை ஒப்பிட்டால் தெரிந்துவிடும். மெஷினே கண் சிமிட்டும் நேரத்தில் ஒப்பிட்டுச் சொல்லும். இவள்தான் மெஷினையும் நம்பமாட்டாளே! இரண்டையும் அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுவருவாள். அவர் ஒரு தாளை வைத்துக்கொண்டு அச்சகத்துக் குரலில் உரக்க வாசிப்பார். இவள் இன்னொரு தாளில் டிக் போடுவாள். "ஏழு எஃப் மூணு ஒண்ணு... சி சைபர் ஒம்போது பி..." ஒரு மூச்சுக்கு நாலு எழுத்து. பிள்ளைகுட்டி இல்லாத வீடு. பக்கத்து வீட்டார் முதலில் ஏதோ மந்திரம் என்று நினைத்து பயந்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள்.

இரண்டாவது பங்கு நோட்டு. ஒவ்வொரு கம்பைலுக்கும் ஒரு நோட்டுப் போட்டு, செய்த ஒவ்வொரு காரியத்தையும் நம்பர் போட்டு எழுதுவாள். செய்து முடித்தபிறகுதான் எழுதுவாள்; செய்யப்போவதை எழுதுவது அவளுக்குப் பிடிக்காது. எல்லாம் முடிந்ததும் நோட்டு அவர் கைக்குப் போகும். ஒரு வார்த்தை விளங்காவிட்டாலும் வரி வரியாகப் பார்ப்பார். எங்காவது ஏதாவது விட்டுப்போயிருந்தால், கூரை மாதிரி சின்னதாக ஒரு குறியை அந்த இடத்தில் போட்டு, ஓரத்தில் எழுதுவார். இத்தனை வருடத்தில் அந்தக் கூரை ஐந்தாறு தடவைதான் விழுந்திருக்கிறது. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு.

பிறகு அவர் நுரையீரல் சுருங்க ஆரம்பித்தது. டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்து என்னென்னவோ காட்டினார். அவளுக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை. நாலு நாலாக வாசித்தவர் ஒரு நாள் மூன்று மூன்றாக வாசித்தார். அடுத்த வருடம் இரண்டிரண்டு. அந்தக் கணக்கு எங்கே போய் நிற்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததை வாய்விட்டுச் சொல்லவில்லை.

இந்த வருடம் அவரை மூன்றாம் மாடியில் ஒன்பதாம் கட்டிலில் சேர்த்தார்கள். ஆஸ்பத்திரியில் வேலை செய்பவர்களின் குடும்பத்துக்கு அந்த வார்டில் இடம் உண்டு. வேலை இருக்கும்வரை கட்டில். வேலை போனால் கட்டிலும் போகும். சட்டத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது. தலைமாட்டுச் சுவரிலிருந்து ஆக்சிஜன் வந்து, சின்னத் தண்ணீர் பாட்டில் ஒன்றில் குமிழ் குமிழாகப் புறப்பட்டு, மெல்லிய குழாய் வழியாக அவர் மூக்குக்குப் போனது. அவள் வார்டுக்குள் நுழைந்ததும் அவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அந்தப் பாட்டிலைத்தான் பார்ப்பாள்.

எட்டாம் கட்டிலில் ஒரு பஸ் டிரைவர். ஓய்வு பெற்று ஆறு மாதம். அதற்குள் மூச்சு மக்கர் பண்ணிவிட்டது. அவருடைய மகள் அதே ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள், அந்த வகையில் அவருக்கு அந்தக் கட்டில். இவரை "எழுத்துக்காரரே" என்பார், அவளை "தங்கச்சி" என்பார். மூச்சு இல்லாத நேரத்தில்கூட அவருக்கு வாய் மட்டும் நிற்காது.

வார்டுக்கு வரும் ஆக்சிஜன் அத்தனையும் பின்கட்டில் இருக்கும் ஒரு பெரிய தொட்டியிலிருந்துதான் ஏறியது. அந்தத் தொட்டிக்குக் காவல் கம்பைலக்காவின் அறையில் இருந்த ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டர். அதில் ஓடும் புரோகிராம் நிமிடத்துக்கு ஒரு தடவை தொட்டியின் அளவைப் பார்க்கும். கால்வாசிக்குக் கீழே இறங்கினால் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் கேஸ்காரரின் அறையிலும் வார்டு மேஜையிலும் மணி அடிக்கும். ஐந்து பேர் போனுக்குச் செய்தி போகும்.

அந்தக் கிழத்துக்கு டிஸ்க் போய்விட்டது. பல் கடிக்கிற சத்தம் கேட்க ஆரம்பித்ததும் மேலாளர் வேறொரு மெஷினைக் கொண்டுவந்து வைத்தார். அதுவும் ஒன்றும் குமரியில்லை. அதில் மணி புரோகிராமை ஓட்ட வேண்டுமென்றால் முதலில் ஓர் இன்டர்பிரெட்டர் வேண்டும். எழுதிவைத்த வரிகளை மேலிருந்து கீழே ஒவ்வொன்றாக வாசித்து, வாசித்த கையோடு செய்துகாட்டும் வாசகன் அது. அவன் இல்லாவிட்டால் புரோகிராம் வெறும் எழுத்து. அந்தப் பழைய மெஷினுக்குப் பொருந்துகிற மாதிரி தயாராக எதுவும் கிடைக்கவில்லை.

"கட்டித்தான் ஆகணும்," என்றாள் கம்பைலக்கா. குரலில் சந்தோஷம் தெரிந்தது.

"ரெண்டு நாள்ல முடிச்சிருவீங்களா? அதுவரைக்கும் கேஸ்காரரை மணிக்கொரு தரம் போய்த் தொட்டியைப் பாக்கச் சொல்றேன்."

"பாக்கச் சொல்லுங்க. அவருக்கும் கொஞ்சம் உடம்பு அசையட்டும்."

வாசகனைக் கட்டுவதற்கு முன் அவன் சாய்ந்து நிற்கும் சாமான்களைக் கட்டவேண்டும். சுருக்கி வைத்ததை விரிக்கத் தெரிந்த ஒரு லைப்ரரி; லைப்ரரி என்றால் பல புரோகிராம்கள் எடுத்துப் புழங்கும் பொதுச் சாமான். செய்தியைப் பூட்டி அனுப்பத் தெரிந்த ஒரு லைப்ரரி. இன்னும் இரண்டு சில்லறைகள். அவை ஒவ்வொன்றும் வேறு ஏதாவது ஒன்றைக் கேட்கும். நாலுக்கும் வாசகனுக்கும் சேர்த்து ஐந்து அடையாளங்களை அச்செடுத்துக்கொண்டு மதியம் மேலே போனாள்.

"ஏழு... டி. ரெண்டு... ரெண்டு," என்று வாசித்தார் வீட்டுக்காரர்.

"என்ன எழுத்துக்காரரே, லாட்டரி நம்பரா?" என்றார் டிரைவர். "எனக்கும் ஒண்ணு தள்ளுங்க."

"உங்க ரெண்டு பேர் மூச்சும்தான் இது," என்றாள் கம்பைலக்கா, தலையைத் தூக்காமலே. "பேசாம இருந்தீங்கன்னா எழுத்து மாறாது."

சொன்னபிறகுதான் அவளுக்கே உறைத்தது. ஏன் அப்படிச் சொன்னோம் என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தாள். திரையில் வரிகள் மழை மாதிரி கொட்டின. சலவை மெஷின் சுற்ற, டம்ளர் நடுங்க, அவள் ஒவ்வொன்றாக முடித்து நோட்டில் நம்பர் போட்டாள். பதினெட்டாவது வரியில் வாசகனைக் கட்டி முடித்தாள். 'வெற்றி' என்றுதான் திரை சொன்னது. அங்கேதான் சூது. ஏதாவது சாமான் இல்லாவிட்டால் அந்தப் பாவி மெஷின் நிற்காது, கத்தாது. கட்டி முடித்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு, கடைசி வரிகளில் வாய்க்குள்ளேயே 'இன்னின்னது இல்லாததால் சேர்க்கவில்லை' என்று முனகும். ஊர் உலகத்தில் பாதிப் பேர் அந்த முனகலைப் படிப்பதே இல்லை. கம்பைலக்கா படிப்பாள். படித்தாள். செய்தியைப் பூட்டும் பாகம் சேரவில்லை. மெஷினில் ஏற்கெனவே இருந்த அரதப்பழசான லைப்ரரியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வாசகன் மூக்கைச் சுளித்திருக்கிறான்.

பழசைத் தொடாமல், புதுசுக்கென்று தனி ஃபோல்டர் போட்டு, வாசகனை மறுபடி முழுக்கக் கட்டினாள். முப்பதாவது வரி. இப்போது எல்லாம் சேர்ந்துவிட்டது. ஆனால் ஓடும்போது புதுசு எங்கே இருக்கிறது என்று அவனுக்குச் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் பழசைத்தான் தேடிப் போவான். சொல்ல இரண்டு வழி. மெஷினின் சொந்தப் பட்டியலில் எழுதிவைத்தால் அது நிரந்தரம். அவளுடைய லாகினில், அதாவது அவள் தன் பெயர் போட்டு உள்ளே நுழையும் கணக்கில் மட்டும் 'இங்கேயும் தேடு' என்று சொல்லிவைத்தால், அவள் கையால் துவக்குவதற்கு மட்டும் அது செல்லும்.

'முதல்ல ஓடுதான்னு பாப்போம், நிலையா அப்புறம் எழுதிக்கலாம்' என்று லாகினில் அந்த ஒரு வரியைத் தட்டினாள். முப்பத்தொன்று என்று மனசு எண்ணிக்கொண்டது. பேனாவை எடுத்தாள்.

போன் அடித்தது. வார்டு நர்ஸ். "அக்கா, கொஞ்சம் மேல வாங்களேன்."

'கொஞ்சம்' என்று அவர்கள் சொன்னால் என்ன அர்த்தம் என்று இருபத்தாறு வருடமாக அவளுக்குத் தெரியும். பேனா எங்கே விழுந்தது என்றுகூடப் பார்க்கவில்லை. மேலே அவர் உதடு நீலமாக இருந்தது. டாக்டர்கள் இரண்டு மணி நேரம் போராடி இழுத்து நிறுத்தினார்கள். அவள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கீழே திரும்பி வந்தபோது மேலாளரும் கேஸ்காரரும் அறையில் காத்துக்கொண்டிருந்தார்கள். அவள் உட்காராமலே மணி புரோகிராமைத் துவக்கினாள், அதே லாகினிலிருந்து. தொட்டியின் அளவைப் பொய்யாகக் குறைத்துக் காட்டினாள். மேலேயும் பின்கட்டிலும் மணி அலறியது. மேலாளர் கை தட்டினார்.

கம்பைலக்கா பேனாவைத் தேடி எடுத்தாள். மனசுக்குள் முப்பத்தொன்று எண்ணியாகிவிட்டதே. கை நேராக முப்பத்திரண்டு போட்டு, 'மணி சோதனை, சரி' என்று எழுதியது.

அன்றையிலிருந்து அவளுக்குள் ஏதோ உறுத்தியது. வீட்டைப் பூட்டிக்கொண்டு பஸ் ஏறியபிறகு, அடுப்பை அணைத்தோமா என்று வருமே, அந்த மாதிரி. இரண்டு தடவை நோட்டை எடுத்துப் பார்த்தாள். கண் முப்பதிலிருந்து வழுக்கி முப்பத்திரண்டில் போய் நின்றது. தான் எழுதினதில் தன் பிழை தெரியவே தெரியாது. அதற்காகத்தானே உலகத்தில் புரூஃப் பார்க்க ஆள் வைத்திருக்கிறார்கள். அவளுடைய ஆளோ தாளைப் பிடிக்கக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தார். நோட்டை அவர் தலையணைக்கு அடியில் வைத்தாள், தேறினதும் பார்க்கட்டும் என்று.

மூன்று வாரம் மணி அடிக்கவில்லை. அடிக்காததே நல்ல சேதி என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். மணிக்கொரு தரம் தொட்டியைப் பார்த்த கேஸ்காரர் காலையும் மாலையும் பார்த்தார், பிறகு காலையில் மட்டும் பார்த்தார். "அதான் நம்ம அக்கா கட்டின மணி இருக்குல்ல," என்றார். அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. அவள் கட்டியது என்றால் ஆஸ்பத்திரியில் அப்படி ஒரு நம்பிக்கை.

டிரைவருக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. "என்ன தங்கச்சி, உன் மணி சத்தமே காணோம்?"

"சத்தம் வராம இருந்தா நல்லதுண்ணே."

"எங்க தொழில்ல அப்படி இல்லம்மா. ஹாரன் அடிச்சிட்டு வர்ற வண்டி பாட்டுக்குப் போயிரும். சத்தமில்லாம வர்றதுதான் ஆளைத் தூக்கும்."

"நல்ல வார்த்தையே வராதா உங்க வாய்ல?" என்று அவள் சீறினாள். அவர் சிரித்தார், சிரிப்பு இருமலாகி அடங்க ரொம்ப நேரம் ஆனது.

நாலாவது ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரைக்கு அவள் சலவைத் துணியும் ஃபிளாஸ்குமாக வார்டுக்குள் நுழைந்தாள். வீட்டுக்காரர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண்ணாடி மாட்டியிருந்தார். மடியில் நோட்டு. மூன்று வாரத்தில் முதல் தடவையாக அவர் முகத்தில் ஒரு குறும்பு. அதைப் பார்த்த மகிழ்ச்சியில் அவள் அன்றைக்குப் பாட்டிலைப் பார்க்கவில்லை.

"மாட்டினியா... இன்னைக்கு," என்றார்.

"நான் என்ன மாட்டினேன்?"

நோட்டைத் திருப்பிக் காட்டினார். இரண்டு வரிக்கு நடுவில் சின்னக் கூரை. ஓரத்தில் '31?' என்று அவருடைய கையெழுத்து.

"முப்பது... அப்புறம்... முப்பத்திரண்டு."

"நம்பரைத் தப்பாப் போட்டிருப்பேங்க. அதுக்கு இவ்வளவு பெருமையா?"

"நீயா? நம்பர்... தப்பா?"

"பிடிச்சாரு பாரு எழுத்துக்காரரு!" என்றார் டிரைவர். ஆனால் வழக்கமான குரல் இல்லை. "தங்கச்சி, இன்னைக்குக் காத்து என்னமோ மெலிசா வருதும்மா. மூக்குல ஏறவே மாட்டேங்குது. காலைல கரண்ட் போச்சுல்ல, அதுலேருந்து ஏதாச்சும் கோளாறா?"

"கரண்ட் போச்சா? எப்ப?"

"ஆறு மணி இருக்கும். ஏதோ லைன் வேலையாம். பத்து நிமிஷம் மொத்தக் கட்டடமும் இருட்டு. அப்புறம் வந்திருச்சு."

கரண்ட் போனால் மெஷின் அணைந்து எழும். எழுந்தால் மணி புரோகிராமை மெஷின் தானாகத் துவக்கும். அவள் லாகினிலிருந்து இல்லை. தானாக.

அவள் பாட்டிலைப் பார்த்தாள். ஒரு குமிழ் வந்தது. ரொம்ப நேரம் கழித்து இன்னொன்று. முப்பத்தொன்றாவது வரி அவளுக்கு எழுத்தெழுத்தாக நினைவு வந்தது, அதைத் தட்டிய விரல் நுனியிலிருந்தே வந்தது. துணியும் ஃபிளாஸ்கும் கீழே விழுந்தன. 

"சிலிண்டர் கொண்டா! இருக்கிறதெல்லாம் கொண்டா!" என்று நர்ஸிடம் கத்தினாள். "தொட்டி காலி!"

"என்னக்கா சொல்றீங்க? மணி எதுவும் அடிக்கலையே?"

"அதான்டி! அடிக்கலையே!"

வீட்டுக்காரர் கையை அசைத்தார், போ என்று. அவள் போனாள். மூன்று மாடியையும் எப்படி இறங்கினாள் என்று பிற்பாடு யோசித்தும் அவளுக்கு ஞாபகம் வரவில்லை. பின்கட்டில் கேஸ்காரர் நாற்காலி போட்டு நியூஸ்பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். விடியற்காலை வரவேண்டிய ஆக்சிஜன் லாரி எங்கோ பாலத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. அவருக்கு அது தெரியும். ரொம்பக் குறைந்தால் மணி அடிக்கும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார். அவள் முகத்தைப் பார்த்ததும் எழுந்து தொட்டியின் முள்ளைப் பார்த்தார். முள் அடியில் படுத்திருந்தது. மனிதர் முகத்தில் ஈயாடவில்லை.

அவசரத்துக்கு வைத்திருக்கும் சிலிண்டர் வரிசையைக் கையால்தான் திறக்கவேண்டும். கொட்டகைச் சாவி முதலில் கிடைக்கவில்லை. கிடைத்தபிறகு வால்வு திரும்பவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து தொங்கினார்கள். உஸ்ஸென்று சத்தம் வந்தபோது ஆறு நிமிடம் போயிருந்தது.

வார்டில் கையில் தூக்கும் சிலிண்டர் இரண்டே இரண்டு இருந்தன. ஒன்றை நர்ஸ் கதவோரம் இருந்த ஒரு சின்னப் பெண்ணுக்கு வைத்தாள். இன்னொன்றைத் தூக்கிக்கொண்டு எட்டாம் கட்டிலைத் தாண்டி ஒன்பதாம் கட்டிலுக்குப் போனாள். நம்ம அக்கா வீட்டுக்காரர் ஆச்சே. யோசித்துச் செய்ததில்லை, கால் போன பக்கம் போனாள். வீட்டுக்காரர் முகமூடியைப் பிடுங்கி எட்டாம் கட்டில் பக்கம் நீட்டினாராம். நர்ஸ் அவர் கையை அமுக்கி மறுபடி மாட்டினாளாம்.

கம்பைலக்கா மேலே வந்து நின்றபோது எல்லாப் பாட்டிலிலும் குமிழ் ஓடிக்கொண்டிருந்தது. எட்டாம் கட்டில் பாட்டிலிலும்தான். இழுக்கத்தான் அங்கே ஆள் இல்லை.

சாயந்தரம் தன் அறைக்குப் போய்த் திரையைப் பார்த்தாள். காலை ஆறு பதினாலு. 'லைப்ரரி கிடைக்கவில்லை.' அந்த ஒரு வரியோடு வாசகன் வாயை மூடிக்கொண்டிருந்தான். அவன் கத்தவேண்டிய மணியும் அவனோடு சேர்ந்து மூடிக்கொண்டது. அவள் புதுசு இருக்கும் இடத்தை மெஷினின் சொந்தப் பட்டியலில் எழுதினாள். நாற்பது எழுத்துக்கூட இல்லை. அதற்குப்பின் தலையை மேஜையில் முட்டிக்கொண்டு அழுதாள், சலவை மெஷின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

நாலு நாள் கழித்து மேலாளர் நாலு பக்க அறிக்கையோடு வந்தார். லாரி தாமதம். முன்கூட்டிச் சொல்லாமல் மின்தடை. பழைய கருவி. ஊழியர்களின் துரிதமான செயலால் எட்டு உயிர் காப்பாற்றப்பட்டது.

"படிச்சுப் பாத்துட்டு ஒரு கையெழுத்துப் போட்டுருங்கக்கா. உங்களைப் பத்தி ஒரு குறை சொல்லலை. நீங்க நிம்மதியா இருங்க."

அவள் அதை மடித்துக்கொண்டு மேலே போனாள். எட்டாம் கட்டிலில் டிரைவரின் மனைவி, அவருடைய செருப்பையும் ரேடியோவையும் பையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். இவளைப் பார்த்ததும் வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நீதான் ஓடுனியாமே தாயி. மகள் சொன்னா. நீ மட்டும் பாக்கலைன்னா வார்டே போயிருக்கும்னா. அவருக்குக் குடுத்து வைக்கல, என்ன பண்றது? நீ நல்லா இருக்கணும்."

கம்பைலக்காவுக்கு அந்தக் கையை உதறவும் முடியவில்லை, பிடிக்கவும் முடியவில்லை. செருப்பால் அடித்திருந்தால் தேவலை என்று இருந்தது. அந்த அம்மாள் பையைத் தூக்கிக்கொண்டு போகும்வரை வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

பிறகு கையை நீட்டினார். அவள் அறிக்கையைக் கொடுத்தாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வரிக்கு வரி விரலை வைத்துப் படித்தார். ஆறு நிமிடம் அவருக்கும் சும்மா போகவில்லை. இப்போது ஒரு மூச்சுக்கு ஒரு வார்த்தைதான். இரண்டாம் பக்கத்தில் நிறுத்தினார். 'மின்தடைக்குப்பின் எச்சரிக்கை மணி இயங்கவில்லை' என்ற வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் சின்னதாக ஒரு கூரை போட்டார். ஓரத்தில் எதுவும் எழுதவில்லை. பேனாவை அவளிடம் நீட்டினார்.

"தெரிஞ்சுதான் சொல்றீங்களா?" அவள் பேனாவை வாங்கவில்லை. "இதை எழுதினா வேலை போயிரும். வேலை போனா இந்தக் கட்டில் போயிரும். இந்தக் குழாயைப் பிடுங்கிக் கையில குடுத்து அனுப்பிருவாங்க. உங்களை நான் எங்கங்க தூக்கிட்டுப் போவேன்?"

"தெரியும்."

"நான் வேணும்னா செஞ்சேன்? நீங்க நீலமாக் கிடந்தீங்க. அதனாலதானே எழுதாம ஓடுனேன்!"

"தெரியும்," என்றார். மூச்சு வரும்வரை காத்திருந்தார். "விட்டுப்... போச்சு. சேத்துரு."

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். பேனாவை வாங்கினாள். எழுதினாள், அடித்தாள், மறுபடி எழுதினாள். முடித்ததும் அவர் தாளை வாங்கிக்கொண்டு தன் மடியில் வைத்தார். மனப்பாடமாகத்தான் இருக்கும், சொல் என்பதுபோல அவளைப் பார்த்தார்.

"வாசி."

இருபத்தாறு வருடமாக அவர் வாசிக்க அவள் டிக் போட்டாள். இன்று அவருக்கு வாசிக்க மூச்சில்லை.

"முப்பத்தொன்று," என்று ஆரம்பித்தாள். அவர் டிக் போட்டார். "புதிய லைப்ரரி இருக்கும் இடத்தை மெஷினின் பட்டியலில் எழுதாமல் என் லாகினில் மட்டும் சொல்லிவைத்தேன்." டிக். "நிலையாக எழுத மறந்தேன். நோட்டிலும் எழுதவில்லை." டிக். "அதனால் மணி அடிக்கவில்லை."

பேனா அசையவில்லை. அவர் எட்டாம் கட்டிலைப் பார்த்தார். புது விரிப்பு போட்டிருந்தார்கள்.

"அதனால்," என்றாள் கம்பைலக்கா, தாளில் இல்லாததை, "எட்டாம் கட்டில் அண்ணன் போனார்."

அவர் இன்னொரு கூரை போட்டுத் தாளை அவளிடம் கொடுத்தார். அவள் அதையும் சேர்த்து எழுதினாள். அவர் டிக் போட்டார். அவள் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு, அவருடைய பாட்டிலை ஒரு தடவை பார்த்துக்கொண்டு, லிஃப்டுக்குக் காத்திராமல் மேலாளர் அறைக்குப் படியில் இறங்கினாள்.